குன்னூர் மழையும் வீட்டுத் தோட்டமும்

நீலகிரியில் மழைக்காலம் எது என்று வினவினால், விடை கூறுபவர் எவ்வூரினர் என்பதைப் பொறுத்தே விடையும் அமையும். கூடலூர்க்காரர் ஆனி, ஆடி என்பார். குன்னூர்க்காரரோ ஐப்பசி, கார்த்திகை என்பார். இருவர் கூறுவதும் மெய்யே. நடுவில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து சுமந்து வரும் நீரில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, மலையைக் கடக்கையில் இளைத்துப் போகிறது. ஆகவே தேவாலாவில் குடை பிடித்தும் நனைகின்ற ஜூலை மாதத்தில், குன்னூரில் மூடுபனியும் சாரலுமாகப் பொழுது கழிகிறது.

அக்டோபர் பிறந்ததும் நிலைமை மாறுகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் கீழைக்காற்று கோவைச் சமவெளியைக் கடந்து, மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் சுவர்போல் எழுந்து நிற்கும் மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிரக் குளிர அதன் ஈரம் மழையாகக் கொட்டுகிறது. அச்சுவரின் விளிம்பில், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் குன்னூர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இருப்புப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து மலை இரயில் நிறுத்தப்பட்டது என்னும் செய்தி நவம்பர், டிசம்பர் மாதங்களில் அடிக்கடி வருவதற்குக் காரணமும் இதுவே.

தோட்டக்கலை பற்றிய நூல்கள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. 'மலைப்பகுதி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அவற்றை நம்பி விதைப்பவர் எந்தச் சரிவில் குடியிருக்கிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் நலம்.

1820-களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் இம்மலையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்த நாள்முதல், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் காரட்டும் இங்கே உரிமைக் குடிகளாகிவிட்டன. நீலகிரி விவசாயிகள் ஆண்டை மூன்று போகங்களாகப் பிரித்துக்கொண்டனர். பனிக்காலம் தணியும் வேளையில் நீர் பாய்ச்சிப் பயிரிடுவது நீர்போகம். கோடை மழையை நம்பி விதைப்பது கார்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்குவது கடைபோகம். இம்மூன்றில் குன்னூர்ப் பக்கத்துக் குடும்பங்களைச் சோதிப்பது கடைபோகமே. ஆகஸ்டு நடுவில் ஊன்றிய உருளைக்கிழங்கு நூறு நாட்களுக்குமேல் மண்ணிலிருந்து, நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தோண்டும் பருவத்துக்கு வரும். அதாவது, மழை உச்சத்தில் நிற்கும்போது நாம் மண்வெட்டியை எடுத்துச் சரிவைக் கிளறிக்கொண்டிருப்போம். காரட்டும் பீட்ரூட்டும் அவ்வாறே.

இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். எனவே ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், ஒரு சென்டில் விழும் நீர் 4,000 லிட்டர். ஐந்து சென்ட் தோட்டத்தில் 20,000 லிட்டர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அக்கணக்கின்படி ஒவ்வொரு சென்டின் மீதும் விழுந்தது முப்பதாயிரம் லிட்டருக்கும் மேல். குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் அந்த நாட்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் தத்தம் வீட்டினுள்ளேயே புதையுண்டனர்.

தோட்டத்தில் விழும் நீர் எங்கே செல்கிறது? நமது வேலிக்குள் அது முடிந்துவிடுவதில்லை. மலைச்சரிவில் நமது தோட்டத்தின் கீழ்விளிம்பே மற்றொருவர் வீட்டின் பின்சுவர். பாத்திகளை மேலிருந்து கீழாக நீளவாக்கில் அமைத்தால் நீர் விரைந்து வடியும், பயிரும் அழுகாது. விவசாயிகள் பலர் அவ்வாறு அமைப்பதன் காரணம் இதுதான். அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அந்நீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு நேரே கீழ்வீட்டுச் சுவரின் முதுகில் போய் மோதுகிறது. மேல்வீட்டுக்காரருக்குப் பயிர் பிழைக்கிறது. கீழ்வீட்டுக்காரருக்கு உறக்கம் போகிறது.

ஆகவே சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமைத்து, ஒரு பக்கமாகச் சற்றே சாய்வு கொடுத்து, நீரைக் கல் பாவிய ஓடையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தக்க முறை. பாத்தி மூன்று நான்கு அடி அகலமும் ஓரடி உயரமும் இருக்கட்டும். கீழ்விளிம்பில் வெட்டிவேரோ எலுமிச்சைப் புல்லோ நெருக்கமாக நட்டால் அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தாங்குசுவர் இருப்பின் அதில் நீர் கசிவதற்காக விடப்பட்ட துளைகளைச் செப்டம்பரிலேயே கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பாசியும் மண்ணும் அடைத்துக்கொண்ட துளை, துளையே இல்லாததற்குச் சமம். சுவரை இடித்துத் தள்ளுவது பெரும்பாலும் மண்ணன்று, அதன்பின் தேங்கிய நீரே. தரையில் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரம் சாய்தல், நேற்றுவரை எளிதாக மூடிய கதவு இன்று இறுகிக்கொள்ளுதல், சுவரடியில் திடீரெனச் சேற்றுநீர் ஊறுதல் ஆகிய குறிகளைக் கண்டால் கோசையும் காரட்டையும் மறந்துவிட்டு, குழந்தைகளுடன் உடனே வெளியேறுங்கள். கீழ்வீட்டாரையும் தட்டி எழுப்புங்கள்.

நம் கருத்தைக் கேட்டால், செங்குத்தான சரிவில் கடைபோகத்துக்குக் கிழங்குப் பயிரே வேண்டா. தோண்டாமல் பறிக்கத்தக்க மேரக்காயைப் பந்தலில் ஏற்றலாம். கோசு, காலிஃபிளவர் ஆகியவற்றையும் வேரைப் பிடுங்காமல் தண்டோடு அறுத்தெடுக்கலாம். கிழங்கு வேண்டுவோர் வீட்டை ஒட்டிய சமதளத்தில் இரண்டு பாத்தியோடு நிறுத்திக்கொள்ளட்டும். வருவாய் குறையும் என்பது உண்மைதான். நிலத்தையே நம்பிப் பிழைப்பவருக்கு இவ்வாறு கூறுவது எளிதன்று. நாம் கூறுவது வீட்டுத் தேவைக்குப் பயிரிடுவோருக்கே.

சமதளத்தில் ஊன்றியவருக்கும் ஒரு பகை காத்திருக்கிறது. அதுவே பின்பருவ இலைக்கருகல். 1845 முதல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திப் பத்து இலட்சம் மக்களின் உயிரைக் கொண்ட அதே நோய். குளிர்ச்சியும், மணிக்கணக்கில் உலராத இலையும் அதற்கு உகந்தவை. குன்னூர் நவம்பரில் இரண்டுக்கும் குறைவில்லை. இலையோரத்தில் நீர் கோத்தாற்போன்ற கரும்புள்ளியும், விடியலில் இலையின் அடிப்புறத்தில் வெள்ளைப் பூஞ்சணமும் தென்பட்டால் ஐயமே வேண்டா. ஒரு வாரத்தில் பாத்தி முழுவதும் கருகிவிடும். தக்காளியையும் அது விட்டுவைப்பதில்லை. போர்டோ கலவை வருமுன் காக்குமேயன்றி வந்தபின் தீர்க்காது. நூறு கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் நீரிலும், நூறு கிராம் நீற்றாத சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் தீட்டிய கத்தியை அமிழ்த்தி எடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். நோய் முற்றிவிட்டால் தழையை அறுத்து அகற்றிவிட்டு, இரு வாரம் பொறுத்துக் கிழங்கைத் தோண்டுங்கள். அதற்குள் தோல் முற்றும். தழையிலுள்ள நோயும் கிழங்கில் ஒட்டாது. தோண்டுகையில் தவறவிட்ட கிழங்குகளையும் பொறுக்கி அழித்துவிடவேண்டும். அடுத்த போகத்துக்கு நோய் ஒளிந்திருப்பது அவற்றில்தான்.

மழை நமக்குச் செய்யும் மற்றொரு காரியம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டாண்டாகப் பெய்யும் நீர் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, மண் புளிக்கிறது. தேயிலைக்கு அது விருந்து, கோசுக்கோ நஞ்சு. கோசின் வேர் வீங்கித் திரண்டு, பகலில் செடி வாடி, மாலையில் நிமிர்ந்தால் அது வேர்வீக்க நோய். புளித்த மண்ணில் அது செழிக்கும். நடவுக்கு மூன்று வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிடுங்கள். அதே நாளில் சாணி எருவையும் இட்டால் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். இடையே இரு வாரமேனும் கழியட்டும்.

பீன்ஸ் பறிக்க இலை உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஈர இலையில் பட்ட கை, நோயைச் செடிக்குச் செடி கொண்டுசெல்லும். நத்தைகளுக்குச் சாம்பல் தூவுவது மழைநாளில் வீண்வேலை. மாலையில் நனைந்த கோணிச்சாக்கைப் பாத்தியோரம் விரித்து வைத்து, காலையில் புரட்டிப் பாருங்கள். அடியில் கூட்டமாக அடைந்திருப்பவற்றைப் பொறுக்கி உப்புநீரில் இடும் பொறுப்பைச் சிறுவர்களிடம் ஒப்படைத்தால் போட்டியிட்டுச் செய்வார்கள்.

அவர்களுக்கு இன்னொரு வேலையும் தரலாம். நேரான பக்கங்களுள்ள பழைய டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வானிலை நிலையங்களும் அந்நேரத்திலேயே அளக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், உங்கள் சரிவில் எந்த வாரம் மழை வலுக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் ஓடை நிரம்பி வழிகிறது என்பவை தெரியவரும்.

டிசம்பர் முடிவில் வானம் வெளுத்தால் உறைபனிக்காலம் தொடங்குகிறது. மேகமற்ற இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் தங்கும். ஆதலின் குன்னூரைவிட உயர்ந்த உதகையின் பள்ளத்தாக்குகளே மிகுதியாகக் கருகுகின்றன. எனினும் குன்னூரிலும் தாழ்ந்த ஓடைக்கரைகளில் நீர்போகத்துக்கு விதைப்போர், இளஞ்செடிகளைச் சில இரவுகள் வைக்கோலால் மூடிவைப்பது நன்று. காலையில் வெயில் ஏறியபின் வைக்கோலை அகற்றிவிடலாம்.