காவலுக்கும் இலக்கணம் உண்டு

மதிலை முற்றுகையிடுவதையும் மதிலைக் காப்பதையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரே திணைக்குள் அடக்கினார். காத்து நிற்பவனுக்கு நொச்சி எனத் தனித்திணை தந்தது பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை. தாக்குவது வேறு, காப்பது வேறு. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றாகாது என்ற தெளிவு அப்பகுப்பில் இருக்கிறது. நம் கால்பந்துத் திடல்களுக்கு அத்தெளிவு இன்னும் வந்து சேரவில்லை.

எட்டயபுரம் வட்டாரத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகள் ஆடுவதைக் கவனித்தால் இது விளங்கும். காலில் பந்து நிற்காதவன், ஓடினால் மூச்சு வாங்குபவன், கூட்டத்தில் இளையவன் ஆகியோரில் ஒருவனே கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தப்படுகிறான். மற்றவர்களுக்கு ஓட்டம், உதை, பந்து கடத்தல் என்று ஏதேனும் ஒரு பயிற்சி உண்டு. கோல்கீப்பருக்கு வாய்ப்பதோ, கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று அவனை நோக்கி உதைப்பது மட்டுமே. அது உதைப்பவனுக்கான பயிற்சி; தடுப்பவனுக்கானது அன்று. கோல் விழுந்தால் வசவு முழுவதும் அவனுக்கு.

கோல்கீப்பர் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை என்று வாதிடுவோர் உண்டு. பீட்டர் தங்கராஜின் வாழ்க்கை அதற்கு நல்ல மறுப்பு. 1953இல் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தபோது அவர் கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர். பின்னரே கம்பங்களுக்கு நடுவே வந்தார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றபோது காவல் நின்றவர் அவரே. நெடிய உடல்வாகு அவருக்குத் துணைசெய்தது மெய்தான். ஆனால் உயரம் மட்டுமே பந்தைப் பிடித்துவிடாது.

எனில் கற்பிக்க வேண்டியது எது? முதலாவது, விழுவது. நம் கரிசல் மண் கோடையில் இறுகி வெடித்துக் கிடக்கும். அங்கே எடுத்தவுடன் பாயச் சொன்னால் முழங்கை உடையும், அச்சம் நிலைத்துவிடும். மணல் பரப்பிய இடத்தில் முதலில் மண்டியிட்டும், பிறகு குந்தியும், அதன்பின் நின்றும் விழப் பழக்க வேண்டும். தொடை, இடுப்பு, விலா, தோள் எனப் பக்கவாட்டு உடலே தரையைத் தொட வேண்டும்.

இரண்டாவது, நிற்குமிடம். கோலின் அகலம் 7.32 மீட்டர். இரு கம்பங்களிலிருந்தும் பந்து வரை கயிறு கட்டிக் காட்டினால், கோட்டிலிருந்து முன்னேறி வரவர அடைக்க வேண்டிய வெளி எவ்வளவு குறுகுகிறது என்பது சிறுவனுக்கும் புலனாகும். நல்ல காவலன் பாய்வது குறைவு. சரியான இடத்தில் முன்னதாகவே நின்றிருப்பான்.

மூன்றாவது, கால். சக வீரன் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாகாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றுமுதல், பந்தைக் காலால் ஆளத் தெரியாதவனைக் கம்பத்தடிக்கு அனுப்பும் நம் வழக்கம் விதிக்கே முரணானது.

நான்காவது, மனம். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முறைக்கு மேல் கோல்கீப்பர்கள் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்திருந்தார்கள். நடுவிலேயே நின்றால் தடுக்கும் வாய்ப்பு கூடுதல் என்றே கணக்கு காட்டியது. ஆயினும் நிற்க மனம் வருவதில்லை. சும்மா நின்று கோல் வாங்கினான் என்ற பழிக்கு அஞ்சியே பாய்கிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். தேர்ந்த தொழில்முறை வீரர்களுக்கே இந்த நிலை என்றால், பத்து வயதில் வசவு கேட்டு வளரும் பிள்ளை எதைச் சிந்தித்து நிற்பான்? திட்டுவதால் காவல் மேம்படுவதில்லை, கெடுகிறது.

பெருஞ்செலவு பிடிக்கும் காரியத்தை நாம் கேட்கவில்லை. ஒரு வண்டி மணல், ஒரு கயிறு, வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் கோல்கீப்பருக்கென்றே ஒதுக்கும் ஆசிரியர் ஒருவர்: இவை போதும். விரும்பி வரும் பிள்ளையை அங்கே நிறுத்துங்கள், மிஞ்சியவனைத் தள்ளாதீர்கள். தோற்ற ஆட்டத்தின் முடிவில் அவனை ஏசுமுன், அவனுக்கு எதைக் கற்றுக்கொடுத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே முறை.