6,000 டாலர் டிரெய்லரோட உண்மையான விலை என்ன?



அமெரிக்காவுல, டல்லாஸ்ல ஐ.டி. வேலையில இருக்கிற என் காலேஜ் நண்பன் ஒரு சனிக்கிழமை வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினான். 1964-ஆம் வருஷத்து கேம்பிங் டிரெய்லர். கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. உள்ளே புதுசா வெள்ளை பெயின்ட், பூப்போட்ட திரைச்சீலை, குட்டி அடுப்பு. விலை 6,000 டாலர். "மச்சான், நீதான் சி.ஏ. ஆச்சே, வாங்கலாமான்னு கணக்குப் போட்டுச் சொல்லு."

நானும் எக்செல் திறந்தேன். வருஷத்துக்கு இத்தனை ட்ரிப், ஒரு ட்ரிப்புக்கு மோட்டல் வாடகை இவ்வளவு, அஞ்சு வருஷத்துல போட்ட காசு வந்துடும்னு வந்தது. "தாராளமா வாங்குடா"ன்னு சொல்லிட்டேன்.

நான் சொன்னது தப்பு. 6,000 டாலர் என்பது விற்கிறவர் கேட்ட விலை. வாங்கிறவருக்கு ஆகப்போற செலவு அது இல்லை. அந்த இரண்டாவது எண்ணைக் கண்டுபிடிக்காமலேயே நான் கணக்குப் போட்டிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க எக்செல் பத்தாது, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச் லைட்டும் வேணும்.

அதனால இப்போ என் கருத்து இதுதான்: சோதனைக்குச் சில நூறு டாலர் செலவு பண்ண மனசு வரலைன்னா, பழைய டிரெய்லரை வாங்கவே வாங்காதீங்க.

ஆடிட்டுக்குப் போற இடத்துல ஸ்டாக் எண்ணும்போது, முன்வரிசையில அடுக்கி வச்ச பெட்டியை மட்டும் எண்ணிட்டு வர மாட்டோம். பின்னாடி இருக்கிறதை இழுத்துத் திறந்து பார்ப்போம். டிரெய்லருக்கும் அதே விதிதான். எதைப் பார்க்கணும்? அதிகச் செலவு வைக்கிற விஷயத்துல இருந்து ஆரம்பிங்க.

1. தண்ணி

1950, 60-கள்ல வந்த சின்ன டிரெய்லர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்து மேல அலுமினியத் தகடு அடிச்சது. கூரை ஓரத்துலயும் ஜன்னல் ஓரத்துலயும் சீலன்ட் காய்ஞ்சு வெடிச்சதும் தண்ணி உள்ளே இறங்கும். வெளியில தகடு பளபளன்னு இருக்கும், உள்ளே மரம் இத்துப்போயிருக்கும். ஏர்ஸ்ட்ரீம் மாதிரி முழு அலுமினிய உடம்பு இருக்கிற பழைய வண்டிகளும் விதிவிலக்கு இல்லை. அதுல தரைக்குப் போட்ட பிளைவுட் ஓரங்கள்ல உளுத்துப்போகும்.

நாலு மூலையிலும் காலை அழுத்தி மிதிங்க. மெத்துன்னு அமுங்கினா பிரச்சினை. சிங்க் அடியில, கட்டில் அடிப்பெட்டிக்குள்ள தலையை விட்டு மோந்து பாருங்க. பூஞ்சை வாடையை எந்தப் பெயின்ட்டும் மறைக்காது. விற்கிறவர் சம்மதிச்சா கூரை மேல கொஞ்ச நேரம் ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சு, உள்ளே உட்கார்ந்து கவனிங்க. ஒரே ஒரு சுவர்ல மட்டும் புதுப் பலகை இருந்தா, "ஏன் இங்கே மட்டும்?"னு கேளுங்க.

2. சேஸிஸ்

கீழே படுத்துப் பாருங்க. மேலாகப் படிஞ்ச துருவைப் பத்திக் கவலை வேண்டாம். தட்டினா செதில் செதிலா உதிர்ற துரு, விரிசல், மேல மேல போட்ட வெல்டிங், இதெல்லாம் ஆபத்து. வண்டி பின்பக்கமா தொங்கிட்டு நிற்குதான்னு தள்ளி நின்னும் பாருங்க.

3. டயர், பிரேக்

டயர் பட்டன் தேயாம இருக்கேன்னு ஏமாறாதீங்க. வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்ன வண்டியில அது தேய்ஞ்சிருக்காது. டயர் பக்கவாட்டுல டி.ஓ.டி. எழுத்துகளோட முடிவுல நாலு இலக்கம் இருக்கும். 2318-னா 2018-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. மூணே இலக்கம் இருந்தா 2000-க்கு முந்தையது, அந்த டயர்ல ரோட்டுக்கே போகக்கூடாது.

4. கேஸ், கரன்ட்

பழைய புரொப்பேன் குழாய் இணைப்புகள்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா கசிவு. அடுப்பு, விளக்கு, பிரிட்ஜ் எல்லாத்தையும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்க. "போன சீசன்ல நல்லா ஓடுச்சு"ங்கிற வார்த்தைக்கு என் கணக்குல மதிப்பு பூஜ்ஜியம்.

5. பேப்பரும் உங்க காரும்

வண்டியில இருக்கிற வின் நம்பரும் டைட்டில்ல இருக்கிறதும் ஒண்ணா? கடன் பாக்கி இருக்கா? உங்க காரால இதை இழுக்க முடியுமா? காலி டிரெய்லரோட எடையை வச்சு முடிவு பண்ணாதீங்க. தண்ணி, சாமான் எல்லாம் ஏத்தின எடையைப் பாருங்க. அதுல 10 முதல் 15 சதவீதம் காரோட கொக்கி மேலயே இறங்கும். கார் தாங்காதுன்னா, டிரெய்லருக்காக ஒரு டிரக் வாங்க வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் 6,000 டாலர் கணக்கெல்லாம் வெறும் முன்பணம்தான்.

சரி, நண்பன் கதைக்கு வருவோம். மறுநாளே அவனைக் கூப்பிட்டு, "அட்வான்ஸ் குடுக்காதே, முதல்ல ஆள் வச்சுப் பாரு"ன்னு சொன்னேன். 400 டாலர் குடுத்து ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டுப் போனான். இடது பின்மூலைப் பலகையில ஈரம் அளக்கிற மீட்டரை வச்சதுமே அளவு எகிறிடுச்சு. விற்கிறவர் அனுமதியோட ஒரு பலகையைக் கழட்டினா, பின்னாடி சட்டமே தூள் தூளா இருந்தது. சரிபண்ண 8,000 டாலருக்கு மேல ஆகும்னு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்க. விற்கிறவர் விலையைக் குறைக்கத் தயாரா இல்லை. இவன் திரும்பி வந்துட்டான்.

"400 டாலர் தண்டம்டா"ன்னு புலம்பினான். நான் கேட்டேன்: "உன் சேமிப்பு மொத்தம் எவ்வளவு?" 11,000 டாலர். எச்-1பி விசாவுல இருக்கிறவன். வேலை போனா அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள புது வேலை தேடணும், இல்லேன்னா மூட்டை கட்டணும். அந்த 60 நாள் வாடகையும் விமான டிக்கெட்டும் இந்த 11,000-லதான் இருக்கு. டிரெய்லரை வாங்கியிருந்தா அது மொத்தமும் இத்துப்போன மரத்துக்குள்ள போயிருக்கும், போதாம கிரெடிட் கார்டையும் தேய்ச்சிருப்பான். 400 டாலர் தண்டம் இல்லை, அவன் வாங்கினதுலயே உருப்படியான பொருள் அதுதான்.

"விண்டேஜ்தானே, விலை ஏறும்"னு சிலர் சொல்வாங்க. அருமையாகப் பராமரிச்ச சில மாடல்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது உண்மை. ஆனா கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், ரிப்பேர், உங்க வார இறுதிகள் இதையெல்லாம் கழிச்சுட்டு லாபம் சொல்லுங்க. என்னைப் பொறுத்தவரை இது முதலீடு இல்லை, ஆசைச் செலவு. ஆசைச் செலவு பண்றது தப்பே இல்லை, அதை முதலீடுன்னு சொல்லி நம்மளையே ஏமாத்திக்கிறதுதான் தப்பு.

தச்சு வேலை தெரியும், இடம் இருக்கு, நேரம் இருக்குன்னா உளுத்த வண்டியைக்கூட வாங்கலாம். ஆனா உளுத்த வண்டியோட விலைக்கு வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல எழுதுங்க: ரிப்பேரோட சேர்த்து என் உச்ச வரம்பு இவ்வளவு, எமர்ஜென்சி ஃபண்டைத் தொட மாட்டேன், இந்த இந்தக் குறை இருந்தா திரும்பிடுவேன். வீட்டுல இருக்கும்போது எழுதுங்க. பூப்போட்ட திரைச்சீலையைப் பார்த்த பிறகு நம்ம யாருக்கும் கணக்கு வராது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.