எம்.ஆர்.ஐ. காட்டும் அழற்சி

மாவட்டத் தலைநகரங்களிலும் எம்.ஆர்.ஐ. மையங்கள் வந்துவிட்டன. நோய் ஏதும் இல்லாதவர்களையும் முழு உடல் பரிசோதனைக்கு அழைக்கும் விளம்பரங்களும் கூடவே வந்துள்ளன. அந்தக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற தெளிவு மட்டும் அதே வேகத்தில் பரவவில்லை. உடலில் ஏற்படும் அழற்சி விஷயத்தில் இந்தக் குழப்பம் அதிகம்.

அழல் என்றால் நெருப்பு. தமிழில் இந்நோய்க்குப் பொருத்தமான பெயரே அமைந்திருக்கிறது. அழற்சி ஏற்பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து நீர் சேர்கிறது. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப் புலத்தில் தரும் சமிக்ஞையைக் கொண்டு எம்.ஆர்.ஐ. படம் உருவாகிறது. கொழுப்பின் சமிக்ஞையை அடக்கிவிட்டுப் படமெடுத்தால், நீர் தேங்கிய இடம் வெண்மையாக ஒளிரும். ஆக, கருவி காண்பது நீரை. அது அழற்சியா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இதன் பயனுக்குச் சிறந்த சான்று, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் முதுகெலும்பு மூட்டழற்சி. பெரும்பாலும் 45 வயதுக்குள், அதாவது உழைத்துப் பொருளீட்டும் பருவத்தில் தொடங்குவது. காலையில் முதுகு விறைத்திருக்கும். ஓய்வெடுத்தால் வலி தணியாது, நடமாடினால் தணியும். இடுப்பெலும்பும் திருவெலும்பும் இணையும் மூட்டே பெரும்பாலும் இதன் தொடக்க இடம். அங்கு ஏற்படும் சிதைவு எக்ஸ்ரேயில் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. படத்திலோ எலும்பு மஜ்ஜையில் தேங்கிய நீராக அழற்சி முன்னரே தென்பட்டுவிடும். பன்னாட்டு வல்லுநர் குழு 2009-இல் வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளில் எம்.ஆர்.ஐ. இடம்பெற்றதற்கு இதுவே காரணம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை இயல்பாகவே இருக்கும் நோயாளிகளும் உண்டு என்பதால், படத்தின் மதிப்பு மேலும் கூடுகிறது.

என்னிடம் முதுகலை பயின்ற ஒருவர் இந்த நோயுடன் நான்கு ஆண்டுகள் அலைந்தார். இருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தார், இரண்டிலும் குறையில்லை என்றே அறிக்கை வந்தது. எடுக்கப்பட்டவை கீழ்முதுகுப் படங்கள். நோய் இருந்ததோ அதற்குக் கீழே உள்ள மூட்டில். மூட்டு நோய் மருத்துவர் ஒருவர் அந்த மூட்டைக் குறிப்பிட்டு எழுதிக்கொடுத்த பிறகே விடை கிடைத்தது. முதுகுவலி என்று மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால் கருவி என்ன செய்யும்?

மறுபக்கமும் உண்டு. நெடுந்தூர ஓட்டக்காரர்கள், அண்மையில் மகப்பேறு கண்ட பெண்கள் ஆகியோரின் அதே மூட்டிலும் இத்தகைய நீர்த்தேக்கம் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் இருப்பதாகக் கணக்கிட்டது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இன்னுமோர் ஆபத்து இருக்கிறது. காசநோய்க் கிருமி மூட்டைத் தாக்கினாலும் படத்தில் அந்த இடம் வெண்மையாகவே தெரியும். மூட்டழற்சிக்குத் தரப்படும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளோ உறங்கும் காசநோயை எழுப்பக்கூடியவை. படத்தை மட்டும் நம்பி ஊசி போடுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்குதான் பொருளியல் நுழைகிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் முதலீடு மிகப் பெரிது. அதன் மீகடத்துக் காந்தத்தை திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 பாகை செல்சியஸில் எப்போதும் குளிர்வித்தாக வேண்டும். கூடுதலாக ஒருவருக்குப் படமெடுக்க ஆகும் செலவோ சொற்பம். இத்தகைய செலவு அமைப்பில், கருவியை ஓயாமல் இயக்குவதே உரிமையாளருக்கு ஆதாயம். தேவையற்றவரை அழைக்கும் விளம்பரங்கள் அதிலிருந்து பிறப்பவை. அவற்றைப் பேராசை என்று மட்டும் கூறிவிட முடியாது. இன்னொருபுறம், பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் உள்நோயாளிச் செலவையே ஏற்கின்றன. மூட்டு வலியுள்ள இளைஞரோ புறநோயாளி. வசதியுள்ளவர் தேவையின்றி எடுக்கிறார். தேவையுள்ளவர் பணமின்றித் தள்ளிப்போடுகிறார்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. மையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்திவருவது பாராட்டுக்குரியது. 2014-இல் அடாலிமுமாப் மருந்தின் உயிர்நகல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின் சிகிச்சைச் செலவும் குறையத் தொடங்கியது. இனித் தேவைப்படுவது பெரிய செலவல்ல. மூன்று மாதங்களுக்கு மேல் முதுகுவலியும் காலை விறைப்பும் உள்ள, 45 வயதுக்குள் வலி தொடங்கிய புறநோயாளிகளுக்கு அந்த மூட்டின் எம்.ஆர்.ஐ. செலவைக் காப்பீடு ஏற்கலாம். எந்த மூட்டு, என்ன ஐயம் என்று குறிப்பிடாத பரிந்துரைச் சீட்டுகளை ஸ்கேன் மையங்கள் திருப்பி அனுப்பலாம்.