தோட்டாவுக்கும் ரேஷன்!

கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்தச் சின்னத் தோட்டா மறந்திருக்காது. சுண்டுவிரலைவிட மெலிந்த பித்தளைக் குப்பி, அதன் தலையில் ஓர் ஈயக் குண்டு. குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிச் சுட்டுவிட்டு, அட்டையில் எத்தனை ஓட்டை என்று ஆவலோடு எண்ணிய 'பாயின்ட் டூ டூ' ரைஃபிளின் தோட்டா அது. உலகம் முழுக்கத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்பவர்களுக்கு அரிச்சுவடி அதுதான்.

அமெரிக்காவில் அது 1887-லிருந்து இருக்கிறது. அப்பா மகனுக்கும், தாத்தா பேத்திக்கும் குறிபார்க்கச் சொல்லித்தருவது அதில்தான். சாரணர் இயக்கம், 'ஃபோர்-ஹெச்' என்ற கிராமப்புறச் சிறுவர் அமைப்பு, ஊர் சுடுதல் கிளப் என எங்கும் அதுதான். காரணம் விலை. 2012 வரை 500 தோட்டா கொண்ட பெட்டி ஏறக்குறைய 20 டாலர். ஒன்று 4 சென்ட்! ஒரு மதியம் முழுக்கச் சுட்டாலும் கை கடிக்காது.

அப்படிப்பட்ட பொருள் ஒருநாள் கடைகளிலிருந்து காணாமல் போனது.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடே உறைந்தது. துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. உடனே இன்னொரு கூட்டம் கடைகளுக்கு ஓடியது. 'சட்டம் வருவதற்குள் வாங்கி வைத்துவிடு' என்ற அவசரம்.

பேச்சின் மையத்தில் இருந்தவை ராணுவ பாணித் துப்பாக்கிகளும் பெரிய மேகஸின்களும். ஆனால், பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெரிய தோட்டாக்கள் தீர்ந்தன. கூடவே சின்னத் தோட்டாவும் தீர்ந்தது. வால்மார்ட் கடைகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி என்று ரேஷன் வந்தது. விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள். அங்கே வாங்கியதை வெளியே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களும் உண்டு.

2013 ஏப்ரலில் அந்தச் சட்ட முயற்சிகள் செனட்டில் தோற்றுப்போயின. ஆனாலும், சின்னத் தோட்டா உடனே திரும்பி வரவில்லை. நிலைமை ஓரளவு சீராக 2016 ஆகிவிட்டது.

யார் பதுக்கினார்கள்?

'அரசாங்கமே மொத்தமாக வாங்கிக் குவிக்கிறது' என்று ஒரு வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மேல் பழி விழுந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. 2014-ல் வந்த அதன் அறிக்கைப்படி, 2009-க்குப் பிறகு அந்தத் துறை வாங்கிய தோட்டாக்கள் குறைந்துதான் இருந்தன.

பதுக்கியது ஊர்தான். வழக்கமாக ஒரு பெட்டி வாங்குபவர் மூன்று வாங்கினார். தேவையே இல்லாதவரும் 'கிடைக்கும்போது இருக்கட்டும்' என்று ஒன்று எடுத்தார். காலியான அலமாரியைப் பார்த்தவர் அடுத்த முறை நான்கு வாங்கினார். 'வெங்காயம் விலை ஏறப்போகிறது' என்று கேள்விப்பட்டதும் பத்து கிலோ வாங்கி வைக்கும் அதே புத்திதான்.

சரி, கம்பெனிகள் கூடுதலாகத் தயாரித்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். இந்தத் தோட்டாவின் பெயர் 'ரிம்ஃபயர்'. பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவில் தீமூட்டும் சின்ன மூடி தனியாக இருக்கும். இதற்கு அப்படி இல்லை. ஈரமான தீமூட்டும் கலவையைக் குப்பிக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி, அடி விளிம்பின் உட்பள்ளத்தில் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பிடிக்கிறது. இதற்கென்றே தனி இயந்திரங்கள் வேண்டும். பெரிய தோட்டா இயந்திரத்தில் இதைச் செய்ய முடியாது.

புது இயந்திரம் போடக் கம்பெனிகள் தயங்கின. பயம் அடங்கியதும் விற்பனை படுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். படுக்கவும் செய்தது. 1816-ல் தொடங்கிய ரெமிங்டன் கம்பெனி 2018-ல் திவால் மனு கொடுத்தது. மீண்டு வந்து, 2020-ல் மறுபடியும் கொடுத்தது.

இரண்டாவது மனு கொடுத்த நேரம்தான் வேடிக்கை. அது கொரோனா காலம். தோட்டாவுக்கு மறுபடியும் அடிதடி! லட்சக்கணக்கானவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கிய வருடம் அது. 4 சென்ட் தோட்டா 10, 15 சென்ட் என்று ஏறியது.

பேத்தியின் பத்துத் தோட்டா

ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒரு தாத்தாவையும் பன்னிரண்டு வயதுப் பேத்தியையும் கற்பனை செய்துகொள்ளலாம். சனிக்கிழமை கிளப்பில் பேத்தி 100 தோட்டா சுடுவாள். 4 டாலர் செலவு. இப்போது அதே 100 தோட்டா 12 டாலர், அதுவும் கிடைத்தால்தான். கிளப்பில் இருபது பிள்ளைகள் என்றால் ஒரு வகுப்புக்கு 240 டாலர். கிளப் என்ன செய்யும்? வகுப்பை நிறுத்தும். பயத்தில் வாங்கிக் குவித்தவருக்கு ஒன்றும் ஆகாது. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைதான் வெறுங்கையோடு வீடு திரும்பும்.

பெரிய தோட்டாக்காரர்கள் காலிக் குப்பிகளைப் பொறுக்கி, வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். இதில் அது சரிப்படாது. நசுங்கிய விளிம்புக்கு மறுவாழ்வு கிடையாது. தீமூட்டும் கலவையை வீட்டில் கையாள்வதோ உயிரோடு விளையாடுவது.

அனுபவசாலிகள் வேறு வழிகளில் சமாளித்தார்கள்.

முதலாவது, எண்ணிச் சுடுவது. 100-க்குப் பதில் 10. ஒவ்வொன்றும் எங்கே பட்டது, ஏன் விலகியது என்று நோட்டில் குறிப்பது. அவசரமாகச் சுட்ட நூறைவிடக் கவனமாகச் சுட்ட பத்து அதிகம் கற்றுத்தரும் என்பதை விலைவாசி சொல்லிக்கொடுத்தது.

இரண்டாவது, தோட்டா இல்லாத பயிற்சி. நிற்கும் விதம், மூச்சு, விசையை மெதுவாக அழுத்துவது எல்லாவற்றையும் வெற்றுத் துப்பாக்கியில் பழகலாம். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சில ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் வெறுமனே விசையை அழுத்தினால் ஊசி உலோகத்தில் மோதிச் சேதமாகும். அதனால் கையேட்டைப் படித்துவிட்டு, போலித் தோட்டா போட்டுப் பழக வேண்டும்.

மூன்றாவது, ஏர் ரைஃபிள். 1984 முதல் ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. பெல்லட் விலை மலிவு, சத்தமும் குறைவு.

நான்காவது, சேர்ந்து வாங்குவது. கிளப் மொத்தமாக வாங்கி, உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. விலையைப் பார்க்கும்போது பெட்டி விலையைப் பார்க்காமல், கூரியர் கட்டணத்தையும் சேர்த்து ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தார்கள். 325, 500, 525 என்று பெட்டிக்குப் பெட்டி எண்ணிக்கை மாறும், கண் ஏமாறும்.

ஐந்தாவது, அளவோடு இருப்பு. மூன்று மாதத்துக்கு எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு. பழையதை முதலில் எடுப்பது, காலியானதை மட்டும் நிரப்புவது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தால் தோட்டா பல ஆண்டுகள் கெடாது. எனவே, அவசரமே தேவையில்லை.

போட்டி வீரர்களின் பாடு இன்னும் கஷ்டம். ஒரே கம்பெனித் தோட்டாவே ஆனாலும், தயாரிப்புத் தொகுதி மாறினால் குறி நூலளவு மாறும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒத்துப்போகும் தொகுதியைச் சோதித்துப் பார்த்து, அந்த எண்ணிலேயே மொத்தமாக வாங்குவார்கள். தட்டுப்பாட்டில் 'கிடைத்ததை வாங்கு' என்ற நிலை வந்தால், பல மாதப் பயிற்சி வீணாகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடுவதும் இதே சின்னத் தோட்டாதான்.

2023 வாக்கில் அமெரிக்காவில் விலை 6, 8 சென்ட் அளவுக்கு இறங்கியது. பழைய 4 சென்ட் இனி திரும்புமா என்பது சந்தேகம். அலமாரிகள் நிரம்பின. பயத்தில் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்களின் நிலவறையில் அந்தப் பெட்டிகள் பல இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கும்.

கற்பனைத் தாத்தாவின் நிலவறையிலும் அப்படி ஆறு பெட்டி இருந்ததாக வைத்துக்கொள்வோம். வகுப்பு நின்ற வாரமே அவற்றில் நான்கைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போய்க் கொடுத்திருந்தால்? மொத்தம் 2,000 தோட்டா. ஆளுக்குப் பத்து என்றால், இருபது பிள்ளைகளுக்குப் பத்து சனிக்கிழமை வகுப்பு நடந்திருக்கும்.