சிமிழைத் தராசில் வைக்காதீர்!

வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், சுர்மாச் சிமிழ், அத்தர்ச் சிமிழ் என்று நம் பாட்டிமார் பேணிக் காத்த மூடியிட்ட சிறு கலங்கள் இன்று எங்கே? பழைய பித்தளைக்குப் புதிய எவர்சில்வர் என்று வாசலில் வந்து நின்ற வியாபாரியின் தராசில் அவற்றுள் பெரும்பாலானவை ஏறிவிட்டன. பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இதில் வேற்றுமை இல்லை. வாங்குபவர் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை கிலோ? விற்றவர்களும் அதையே கேட்டார்கள். மூடி பொருந்துகிறதா என்று கேட்டவர் யார்? இந்த அநீதியைக் கண்டிக்கவே எழுதுகிறேன்.

மூடி என்றால் அவ்வளவு எளிதா? தகட்டு வேலையில் வழங்கும் ஒரு முறையைப் பாருங்கள். தகட்டைக் காய்ச்சி இளக்கி, பட்டையாக வெட்டி, வளையமாக வளைக்கிறார் கைவினைஞர். நுனிகள் கூடுமிடத்தில் வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார். மேலும் கீழும் வட்டத் தகடுகளைப் பொருத்தி, முழுதும் அடைபட்ட கூடாக்குகிறார். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெடித்துவிடாதிருக்க ஒரு சிறு துளையும் விடுகிறார். பிறகு மெல்லிய ரம்பத்தால் சுற்றிலும் அறுக்கிறார். மேற்பகுதி மூடியாகிறது, கீழ்ப்பகுதி பெட்டியாகிறது. பெட்டியின் உட்புறம் இன்னொரு வளையத்தைப் பதித்து, அதன் விளிம்பைச் சிறிது மேலே நீட்டி விடுகிறார். அந்த விளிம்பின்மேல்தான் மூடி அமர வேண்டும். அரத்தின் இழுப்பு ஒன்று கூடினால் மூடி ஆடும். ஒன்று குறைந்தால் சிக்கிக்கொள்ளும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அரம் ஓட ஓட உலோகம் தூளாக உதிர்கிறது. வேலை ஏற ஏற எடை இறங்குகிறது! அப்படியானால் எடைக்கு விலை பேசும் தராசு, சிறந்த கைவினைஞருக்குக் குறைவாகவும், அரைகுறையாகச் செய்தவருக்கு அதிகமாகவும் அல்லவா படியளக்கிறது? இதை நியாயம் என்று எந்த நெஞ்சு ஒப்பும்?

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து இணைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் திருமறையின் ‘ஸபா’ அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அளவறிந்து இணைப்பது தானே மூடி செய்பவரின் தொழில்? மோசுலை ஆண்ட பத்ருத்தீன் லுஃலு (மறைவு 1259) பெயர் பொறித்த, வெள்ளி பதித்த வட்டப் பித்தளைப் பெட்டி மூடியோடு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அல்ஜஸரி 1206இல் முடித்த நூலில், பெட்டியின் மூடியில் நான்கு வட்டுகளை எழுத்துக்கு எழுத்து திருப்பித் திறக்கும் பூட்டை விளக்கியிருக்கிறார். தொலைவு எதற்கு? நமக்கு அண்டையிலுள்ள பீதரில் துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்து, வெள்ளியிழை பதித்து, கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் கொண்டு கருமையேற்றிப் பான்தான்களைச் செய்கிறார்கள். அக்கலையைப் பேணிய ஷா ரஷீத் அஹ்மத் காதிரி அவர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் நம் வீட்டுப் பரணில் கிடந்த பான்தானுக்கு என்ன மரியாதை செய்தோம்?

தோல் தொழிலில் தோய்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றிய காலத்தில் வேலையின் இலாபம் வெளிநாட்டாருக்குப் போயிற்று. முழுதும் முடித்த தோலாகவும் பொருளாகவும் அனுப்ப வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு வற்புறுத்தியதும், அரசு அவ்வழியில் சென்றதும் இப்பகுதி அறிந்த வரலாறு. பாலாற்றங்கரையில் நாம் கற்ற பாடம் அதுவே: கச்சாப் பொருளைவிடக் கைத்திறனுக்கு விலை அதிகம். தோலுக்கு ஒரு நீதி, பித்தளைக்கு ஒரு நீதியா? பொன் நகைக்குச் செய்கூலியை முணுமுணுக்காமல் கொடுக்கும் நாம், சிமிழ் செய்பவரிடம் மட்டும் கிலோக் கணக்குப் பேசுவது ஏன்?

“வெற்றிலை போடுவோர் யார் இருக்கிறார்கள்? சுர்மாவில் ஈயம் இருக்கிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்களே!” என்பார்கள் சிலர். உண்மைதான். புகையிலையை விடுங்கள், ஈயம் கலந்த சுர்மாவைக் குழந்தையின் கண்ணில் தீட்டாதீர்கள். ஆனால் சிமிழ் என்ன குற்றம் செய்தது? ஊசி நூலையும் பொத்தானையும் அது ஏற்காதா? “பிளாஸ்டிக் மலிவு” என்பார்கள் வேறு சிலர். விரிசல் விட்ட மூடியைக் குப்பையில் எறிந்து மீண்டும் மீண்டும் வாங்குவது மலிவா? ஆடும் பித்தளை மூடியைத் தட்டிச் சரிசெய்யலாம். பிளந்த பிளாஸ்டிக்கை என்ன செய்வது?

அன்பர்களே! மூன்று செயல்களை வேண்டுகிறேன். மிச்சமிருக்கும் மூடிக் கலங்களை எடைக்குப் போடாதீர்கள். பழுதுபட்டவற்றைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் நிக்காஹ் நிகழும்போது சீர்ப் பொருள்களில் ஒன்றாவது கையால் செய்த சிமிழாக இருக்கட்டும். உலோகத்தின் விலை வேறு, கூலி வேறு என்று பிரித்துக் கொடுங்கள். வாங்க ஆளிருந்தால்தான் தகப்பனின் அரத்தை மகன் கையில் எடுப்பான். அவனும் விட்டுவிட்டால், பிறகு எத்தனை கிலோ பித்தளை கொடுத்தாலும் பொருந்தும் மூடி ஒன்று கிடைக்காது.