அக்னி வெயிலுக்கே சாகாத பாக்டீரியா: எலுமிச்சை மரத்துக்கு ‘வெப்ப சிகிச்சை’ பலன் தருமா?

சித்திரை, வைகாசி வெயிலில் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீர் வற்றி உப்பு விளைகிறது. அங்கிருந்து தெற்கே, ஆரோவில்லை ஒட்டிய இடையஞ்சாவடியில் வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை மரமும் அதே வெயிலில்தான் நிற்கிறது. கடல்நீரையே வற்ற வைக்கும் இந்தச் சூடு, மரத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடாதா?

கேட்க விளையாட்டாக இருந்தாலும், அமெரிக்க விஞ்ஞானிகள் பல வருடங்கள் சோதித்துப் பார்த்த கேள்வி இது. ‘நாமும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மரத்தை மூடினால் என்ன?’ என்று யோசிக்கிறீர்களா? செலவு செய்வதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

எந்த நோய்க்கு இந்த சிகிச்சை?

எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு வகைகளைத் தாக்கும் ‘கிரீனிங்’ நோய்க்கு. பாக்டீரியா மரத்தின் உணவு கடத்தும் குழாய்களில் தங்கி அடைப்பை உண்டாக்கும். இலை நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். காய் கோணலாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். சில வருடங்களில் மரம் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும்.

பரப்புவது சில்லிட் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி. அளவு 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தளிரில் உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் இந்தப் பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று கபூர் என்ற விஞ்ஞானியின் குழு 1967-லேயே காட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது சொறி நோய். அதுவும் பாக்டீரியாவால் வருவதுதான், ஆனால் வேறு நோய். இந்த வெப்ப சிகிச்சை அதற்கானது இல்லை.

எவ்வளவு சூடு தேவை?

நாற்றுகளை 40 முதல் 42 டிகிரி செல்சியஸில், இடைவிடாமல் குறைந்தது 48 மணி நேரம் வைத்தால் பாக்டீரியா பெருமளவு குறைகிறது அல்லது முற்றிலும் அழிகிறது என்று 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது.

‘இடைவிடாமல்’ என்பதுதான் இதில் முக்கியம். நம்ம ஊரில் மதியம் 40 டிகிரி தொட்டாலும், கடற்காற்று வந்ததும் சூடு இறங்கிவிடும். இரவு இன்னும் குறையும். போதாததற்கு, இங்கே இருப்பது சூடு தாங்கும் ரகம். ஆப்பிரிக்காவில் உள்ள ரகம் குளிர்ச்சியான இடங்களில்தான் அறிகுறி காட்டும். இந்திய, பிலிப்பைன்ஸ் ரகங்கள் 30 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் அறிகுறி காட்டுகின்றன. 1970-களிலேயே தெரிந்துபோன வித்தியாசம் இது.

ஃபுளோரிடாவில் என்ன நடந்தது?

அங்கே இந்த நோய் 2005-ல் கண்டறியப்பட்டது. 2003-04-ல் 24.2 கோடி பெட்டியாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், 2022-23-ல் சுமார் 1.6 கோடி பெட்டிக்கு வந்துவிட்டது. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனாலும் பெரிய அடி இந்த நோய் கொடுத்ததுதான்.

தவித்துப்போன விவசாயிகளுக்காக இரண்டு வழிகள் சோதிக்கப்பட்டன. ஒன்று, மரத்தை பிளாஸ்டிக் கூடாரத்தால் மூடி, சூரிய வெப்பத்தைச் சில நாட்கள் தேக்கி வைப்பது. இன்னொன்று, வண்டியில் கொண்டுபோகும் கூடாரத்தை மரத்தின் மேல் கவிழ்த்து நீராவி விட்டு, சுமார் 55 டிகிரியில் அரை நிமிடம் வைப்பது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. இலை கொட்டி, புதுத் தளிர் விட்டது, கிளைகளில் பாக்டீரியா குறைந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை?

முதல் காரணம் வேர். கூடாரத்துக்குள் கிளை சூடாகும், மண்ணுக்குள் இருக்கும் வேர் சூடாகாது. பாக்டீரியாவோ வேரிலும் குடியிருக்கிறது. கொஞ்ச நாளில் அங்கிருந்து மேலே ஏறிவிடும். வேர் வரைக்கும் சுட வேண்டும் என்றால் மரமே போய்விடும்.

இரண்டாவது காரணம் பூச்சி. சிகிச்சைக்குப் பிறகு வரும் இளந்தளிர்தான் சில்லிட்டுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு. பக்கத்துத் தோட்டத்தில் நோயுள்ள மரம் ஒன்று இருந்தாலும் போதும், பழையபடி தொற்றிவிடும்.

அதனால் அங்கே கவனம் வேறு பக்கம் போனது. 2022-ல் மரத்துக்கே ஆன்டிபயாடிக் ஊசி போட அனுமதி கொடுத்தார்கள்.

அப்படியென்றால் வெப்பம் வீணா?

வீண் இல்லை. பயன்படுத்தும் இடம்தான் வேறு. தொட்டியில் இருக்கும் சின்னச் செடியை வேரோடு சேர்த்துச் சூடாக்க முடியும். அதனால் நோயில்லாத தாய்ச்செடியை உருவாக்க வெப்பம் உதவுகிறது. இதோடு சேர்த்துச் செய்யப்படுவது நுனி ஒட்டு: சுமார் 0.2 மில்லிமீட்டர் தளிர் நுனியை மட்டும் வெட்டி நாற்றில் ஒட்டுவது. அந்த நுனியில் உணவுக் குழாய்களே உருவாகியிருக்காது என்பதால் பாக்டீரியாவுக்கு அங்கே இடமில்லை. நாக்பூரில் உள்ள மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனம் நுனி ஒட்டு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்குகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நோய் வந்த மரத்துக்குக் கூடாரம் போடுவதைவிட, நல்ல கன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது மேல். ஒட்டுக்கன்று வாங்கினால், ஒட்டுக்குச்சி எந்தத் தாய்மரத்திலிருந்து எடுத்தது, அது நோய்ப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று நர்சரியில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு நர்சரி பாருங்கள்.

தளிர் விடும் சமயத்தில் வாரம் ஒருமுறை பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், சில்லிட் அதிலும் பெருகும்.

சந்தேகமான இலைகளைப் பையில் போட்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். துத்தநாகச் சத்துக் குறைவாலும் இலை மஞ்சளாகும், ஆனால் அது நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். நோய்தான் என்று உறுதியானால், மனசு கேட்காவிட்டாலும் மரத்தை எடுத்துவிடுவதே நல்லது. ஏனென்றால், அடுத்து பாதிக்கப்படப்போவது பக்கத்து வீட்டு மரம்.