ஒரு நாள் லீவு விட்டோம், மற்ற நாட்களில்?



2022 டிசெம்பர் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? காற்று கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி அன்று பாடசாலைகளை மூடினார்கள். வங்காள விரிகுடாவில் புயல். அந்தக் காற்றோடு இந்தியப் பக்கத்துத் தூசும் புகையும் சேர்ந்து வந்தன. கொழும்பு வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், மாஸ்க் போடுங்கள் என்று எல்லா வட்ஸ்அப் குரூப்பிலும் செய்தி ஓடியது.

அது சரியான முடிவுதான். ஆனால் அடுத்த வாரம் பாடசாலை திறந்தபோது எங்கள் கேட்டுக்கு முன்னால் வழமை போலவே வேன்கள் இஞ்சினை அணைக்காமல் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் கொள்கலன் லொறி. சைலன்சருக்கு மிகக் கிட்ட இருப்பது பெரியவர்களின் முகம் அல்ல, முதலாம் வகுப்புப் பிள்ளையின் முகம். அந்தப் புகைக்கு யாரும் லீவு விடவில்லை.

வெளியிலிருந்து வந்தால் ஆபத்து, நம் வீதியில் கிளம்பினால் வழமை. இந்த எண்ணத்தை நாம் மாற்ற வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எங்களிடம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை படிக்கிறாள். கெட்டிக்காரி. இது அவளுக்குப் புலமைப்பரிசில் வருடம். வீடு பேஸ்லைன் வீதியோரத்தில், ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் புகை, மூடினால் வெக்கை. அவளுக்கு முட்டு வருத்தம். இந்தத் தவணையில் எத்தனையோ நாட்கள் அவள் வகுப்புக்கு வரவில்லை. "ராவு முழுக்க இழுத்திச்சி டீச்சர், சுபஹோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் புடிச்சோம்" என்று உம்மா வந்து சொல்லும்போது எங்களுக்குப் பதில் வருவதில்லை. வாப்பா புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்கிறார். அந்த வீட்டில் ஒரு சைக்கிள் கூட இல்லை.

முட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் வாகனப் புகை அதைக் கிளப்பிவிடும், மோசமாக்கும் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் இல்லை. லண்டனில் பிரதான வீதி ஒன்றின் அருகே வாழ்ந்த எலா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடினார். 2020 டிசெம்பரில், மரண விசாரணை அதிகாரி அந்த மரணத்துக்கான காரணங்களில் ஒன்றாக வளி மாசடைதலையும் பதிந்தார். நம்மிடம் இப்படி இழுத்து இழுத்துப் போன பிள்ளைகளின் மரணச் சான்றிதழில் வீதியின் பெயரை யார் எழுதுவார்?

புகையைக் கிளப்புகிறவரும் அதைச் சுவாசிக்கிறவரும் ஒரே ஆள் அல்ல. துறைமுகத்திலிருந்து வரும் லொறிகளும் களனிப் பாலத்தைத் தாண்டி நகருக்குள் நுழையும் வாகனங்களும் கிராண்ட்பாஸ், ஒருகொடவத்தை, தெமட்டகொட மக்களின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. அதே கொழும்பில், சில கிலோமீற்றர் தள்ளி, கறுவாத்தோட்டத்தில் வீடுகள் மதிலுக்கும் மரங்களுக்கும் பின்னால் இருக்கின்றன. பிரதான வீதியிலிருந்து முதல் சில நூறு மீற்றர்களுக்குள்தான் வாகன நச்சு மிகக் கூடுதல், விலக விலகக் குறையும். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு அது கொஞ்ச நேரப் பயணம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தாய்க்கும், நடைபாதை வியாபாரிக்கும், முச்சக்கர வண்டிக்காரருக்கும், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரருக்கும் அது நாள் முழுவதும். வீதியோரத்தில் வீடு இருப்பவருக்கு அது வாழ்நாள் முழுவதும்.

இந்தப் புகையில் உள்ள நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். நுரையீரலின் அடிவரை போகும், இரத்தத்திலும் கலக்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இலேயே அறிவித்துவிட்டது. நுண்துகளின் வருடச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் அந்த ஸ்தாபனம் சொன்னது. நம் நாடு 2008இல் வைத்த எல்லை 25. அந்த எல்லைக்குள் இருந்தாலும் நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அர்த்தமில்லை.

வருடாந்தப் புகைப் பரிசோதனையும் 2008இல்தான் ஆரம்பித்தது. நல்ல திட்டம். ஆனால் பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும் பம்பைக் குறைத்து, சான்றிதழ் கிடைத்ததும் பழையபடி கூட்டிக்கொள்வது நம்மில் யாருக்குத் தெரியாது? அந்தச் சான்றிதழ் பேப்பரைச் சுத்தமாக்குகிறது, காற்றை அல்ல.

இதையெல்லாம் மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். பெற்றோலில் ஈயம் கலப்பதை 2002இல் நாடு நிறுத்தியது. 2020 ஊரடங்கிலும் 2022 எரிபொருள் க்யூ நாட்களிலும் வீதி வெறிச்சோடியபோது காற்று எப்படி இருந்தது என்பதை நாம் எல்லோரும் உணர்ந்தோம். அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டாம். ஆனால் காற்று திருந்தும் என்பதை அப்போது கண்ணால் கண்டோம்.

வேன்காரத் தம்பிமாரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பழைய வண்டியை மாற்ற அவர்களிடம் காசு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அவர்கள்தான். நம் ஆசிரியர்கள் சிலர் கூட கேட்டில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுக்கொண்டு கதைக்கிறோம். ஆகவே செலவில்லாத காரியங்களிலிருந்து தொடங்குவோம்.

கேட்டில் நின்றால் இஞ்சினை அணைப்போம். வேன்களைக் கேட்டை ஒட்டி நிறுத்தாமல் ஐம்பது அடி தள்ளி, பக்கத்து ஒழுங்கையில் நிறுத்தலாம். பிள்ளைகள் அங்கு நடந்து போகட்டும், நாங்கள் கூட நிற்கிறோம். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலுக்கு முன்னாலும் இதே பழக்கம் வரட்டும். நிர்வாக சபையினர் ஒரு அறிவித்தல் செய்தால் போதும்.

நாம் ஒன்றாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் கனரக வாகனங்கள் பாடசாலை வாசல்களால் போகக் கூடாது. புகைப் பரிசோதனை சான்றிதழோடு நிற்காமல் வீதியிலும் நடக்க வேண்டும். காற்றை அளக்கும் கருவி வீதியோரக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும். அளக்காத இடத்தில் கோளாறு இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெற்றோரும் ஜமாஅத்தாரும் கையெழுத்திட்டால் மாநகர சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் கடிதம் எழுத நாங்கள் தயார்.

பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். புகையும் பாதையில் கிடக்கும் தொல்லைதான். கண்ணுக்குத் தெரியும் கல்லை எடுத்துவிட்டு இதை விட்டுவைத்தால், பிள்ளைகளுக்கு நாம் படிப்பித்தது அரைப் பாடம்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. நாளைக் காலை கேட்டுக்கு வரும்போது அந்தச் சாவியை ஒருமுறை திருப்பி அணைத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.